செவலையின் முதுகில் மூணு கோடு

என்னை நல்லவள்னு நினைச்சுக்கிட்டு இதைக் கேக்க ஆரம்பிக்காதீங்க, பாதியில ஏமாந்து போவீங்க. எனக்கு வாய் ஜாஸ்தி, கோவம் அதைவிட ஜாஸ்தி. ரெண்டையும் இருபது வருஷமா இந்த வீட்டுல எல்லாரும் பொறுத்துக்கிட்டதுக்கு ஒரே காரணம்தான். மாடு விஷயத்துல நான் சொன்னா சொன்னதுதான்.

எங்ககிட்ட இருபத்திரெண்டு கறவை மாடு. மாடு பால் குடுக்கணும்னா கன்னு போடணும், கன்னு போடணும்னா சினை பிடிக்கணும், சினை பிடிக்கணும்னா அது பருவத்துக்கு வர்ற நேரத்தைச் சரியா கண்டுபிடிச்சு சினை ஊசி போடணும். மூணு வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதுவும் அரை நாள், மிஞ்சிப் போனா முக்கால் நாள். அதைக் கோட்டை விட்டா இன்னும் மூணு வாரம் தீனியைப் போட்டுக்கிட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். காளை வச்சிருக்கிறவங்களுக்குக் கவலை இல்ல, அது மோந்து பாத்தே சொல்லிடும். காளை இல்லாத வீட்டுல அந்த வேலையை ஒரு ஆள் பாக்கணும். எங்க வீட்டுல அந்த ஆள் நான். சிரிக்காதீங்க.

விடியறப்ப மாடுங்களை அவிழ்த்து கொட்டகைக்குப் பக்கத்துல இருக்கிற திடல்ல விடுவோம். நான் வேலிக் கம்பியில சாஞ்சுக்கிட்டு, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு அரை மணி நேரம் பாப்பேன். எது தீனி எடுக்காம முழிக்குது, எது சும்மா சும்மா கத்துது, எதுக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒழுக்கு தொங்குது. முக்கியமா எது மேல எது ஏறுது. இதுல ஒரு விஷயம் இருக்கு. ஏறுற மாட்டைக் கணக்குல எடுக்கக் கூடாது. கீழ இருக்கிறது நகராம, அசையாம தாங்கிக்கிட்டு நிக்குது பாருங்க, பருவம் அதுக்குத்தான். புதுசா மாடு வாங்கினவங்க மேல இருக்கிறதைக் காட்டி ஊசி போடச் சொல்லுவாங்க. "அட அறிவுக்கொழுந்துங்களா, எங்கேயும் சுமக்கிறவளைத்தான் பாக்கணும்"னு நான் அவங்களை எத்தனை கிண்டல் பண்ணியிருப்பேன்! அந்தக் கிண்டல் எல்லாம் வட்டியோட எனக்கே திரும்பி வந்துச்சு.

ஊசி போடுறவர் பால் சங்கத்து ஆளு. பைக்குக்குப் பின்னாடி, காளை விந்தை உறைய வச்சிருக்கிற, பனிப்புகை கக்குற ஒரு கேனைக் கட்டிக்கிட்டு தெருத்தெருவா வருவார். என்னைவிட எட்டு வயசு சின்னவர். வந்த முதல் நாள்லயிருந்து நான் அவருக்கு அக்கா, அவர் எனக்குத் தம்பி. பதினோரு வருஷம். "அந்த அக்கா கையைக் காட்டிட்டா எனக்கு மறுபேச்சு கிடையாது, நேரா ஊசிதான்"னு வீட்டுக்கு வீடு சொல்லிக்கிட்டுத் திரிவார். நாலு தெரு தள்ளி இருக்கிறவங்ககூட, "ஒரு எட்டு வந்து எங்க மாட்டைப் பாத்துச் சொல்லு தாயே"ன்னு என்னைக் கூப்பிடுவாங்க. நானும் பெரிய கலெக்டர் கணக்கா போய்ப் பாத்துச் சொல்லிட்டு வருவேன். தலைக்கனம் ஏறுறதுக்கு வேற என்ன வேணும்?

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷமா எனக்குக் கண்ணு சரியா தெரியல.

பக்கத்துல இருக்கிறது தெரியும். பத்தடி தள்ளிப் போச்சுன்னா எல்லாம் கலங்கின தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி இருக்கும். கருப்பு எது, செவப்பு எதுன்னு வெயில் வந்தாத்தான் பிரியும். யார்கிட்டயும் சொல்லல. எப்படிச் சொல்றது? பாடுறவ தொண்டை போச்சுன்னு சொல்ற மாதிரி இல்லையா அது? காதை வச்சு, பழக்கத்தை வச்சு, அடிச்சுவிட்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன். நாலு மாட்டோட பருவத்தைத் தவற விட்டேன். "இதுக்கு இந்தத் தடவை தெரியாமலே போயிடுச்சு, ஊமைப் பருவம்"னு சாக்குச் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் நம்பினார். என் ஓரகத்தி மட்டும் நோட்டுல தேதியை எழுதிக்கிட்டா.

என் கொழுந்தன் பொண்டாட்டி அவ. நான் சின்னவள்னுதான் கூப்பிடுவேன். கொழுந்தன் லாரியோட மாசக்கணக்கா வெளியூர்ல. இவ எங்களோட இருந்து மாடு பாக்குறா. படிச்சவ, ஆனா படிச்சவங்கிற மிதப்பு கிடையாது. அதனாலயே எனக்கு அவமேல எரிச்சல். சண்டை போட ஒரு காரணமாவது குடுக்கணும்ல?

ஒருநாள் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்தா. உள்ளே கையகல ஸ்டிக்கர், அடுக்கடுக்கா. மேல வெள்ளி நிறம். மாட்டோட வால் தொடங்குற இடத்துக்கு முன்னாடி, முதுகுல குறுக்கா ஒட்டணும். இன்னொரு மாடு மேல ஏறி உரசினா வெள்ளி போய், அடியில இருக்கிற பளிச்சுனு ஒரு ஆரஞ்சு நிறம் தெரியும். போன் ரீசார்ஜ் அட்டையைச் சுரண்டுவோம்ல, அதேதான்.

"உங்களுக்குத் துணையா இருக்கும்க்கா"ன்னா.

"ஏன், எனக்கு என்ன கேடு? குருடிக்குக் கோல் குடுக்கிறியா?"ன்னேன்.

அவ மூஞ்சி சுருங்கிடுச்சு. "ஐயோ, அப்படி இல்லக்கா. ராத்திரியில ஏறினா யார் பாக்கிறது, அதுக்குத்தான்."

ஒட்டினா. முதல் வாரத்துலயே ரெண்டு மாடு ஆரஞ்சு காட்டுச்சு. ரெண்டையும் நான் பாக்கல. அதுல ஒண்ணு பகல்ல, நான் வேலியில நின்னுக்கிட்டு இருந்தப்பவே ஏறியிருக்கு. எங்க வீட்டுக்காரர் சாப்பிடும்போது சிரிச்சுக்கிட்டே, "இனிமே அவளுக்கு ஓய்வு குடுத்துடலாம், ஸ்டிக்கருக்குச் சாப்பாடு போடத் தேவையில்ல, எதிர்த்தும் பேசாது"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். உள்ளே எரிஞ்சுது பாருங்க, அடுப்பே வேண்டாம்.

மறுநாள் விடியறப்ப வேலியில நின்னேன். திடலோட அந்தக் கோடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கிறது நிழல் மாதிரி தெரிஞ்சுது. ஒண்ணு செவலை, அது நிச்சயம், அதோட கொம்பு வளைவு எனக்குத் தெரியும். இன்னொண்ணு புள்ளிக்காரி. எது மேல, எது கீழ? என் கண்ணுக்குப் பிடிபடல. கிட்டப் போய்ப் பாக்கிறதுக்குள்ள பிரிஞ்சிடுச்சு. ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருக்கலாம். யோசிக்கிறவளா நான்?

"செவலை பருவத்துல இருக்கு! நான் பாத்தேன்!"னு வீட்டைப் பாத்துக் கத்தினேன்.

சின்னவ ஓடி வந்தா. எங்க வீட்டுக்காரரும் பல் குச்சியோட வந்தார். சின்னவ செவலையோட முதுகைப் பாத்தா. வெள்ளி அப்படியே பளபளன்னு இருந்துச்சு. புள்ளிக்காரி முதுகுல ஆரஞ்சு.

"அக்கா, புள்ளிக்காரிதான் போல. செவலை மேல ஏறியிருக்கும்."

நான் நாலு தெருவுல கிண்டல் பண்ணின அதே தப்பு. மேல இருக்கிறதைக் காட்டினவ நான். எங்க வீட்டுக்காரர் பல் குச்சியை வாயோரத்துல ஒதுக்கிட்டு என்னைப் பாத்தார். அந்தப் பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

"ரெண்டும்தான்!"னேன். "மாத்தி மாத்தி ஏறுச்சு. உன் ஸ்டிக்கர் சரியா ஒட்டல. சாயங்காலம் வரைக்கும் பாரு, மாறலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

வாயைக் குடுத்தாச்சு. இனி வாயைக் காப்பாத்தணும்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு அசந்திருந்த நேரம் கொட்டகைக்குள்ள போனேன். மாடுங்க படுத்து அசை போட்டுக்கிட்டு இருந்துச்சு. செவலை மட்டும் நின்னுக்கிட்டு இருந்துச்சு. அது சின்னவ புட்டிப்பால் குடுத்து வளர்த்த மாடு. தாய் செத்துப்போன கன்னுக்குட்டி, பொழைக்காதுன்னு நானே சொன்னது. அவ மடியில போட்டு வளர்த்தா. தலை ஈத்துக்குப் பிறகு சினையே நிக்காம மூணு ஊசி போட்டு, மூணாவது ஊசி போட்டு அன்னைக்கோட அம்பது நாள். பிடிச்சிருக்கா இல்லையான்னு தெரியாத நேரம்.

இடுப்புல சொருகியிருந்த கொட்டகைச் சாவியை எடுத்தேன். மூணு இழுப்பு. வெள்ளி பொடிப்பொடியா உதிர்ந்து ஆரஞ்சு தெரிஞ்சுது. செவலை தலையைத் திருப்பி என் முழங்கையை நக்குச்சு. சொரிஞ்சு விடுறேன்னு நினைச்சுது போல. அதைச் சொல்லும்போது இப்பவும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

சாயங்காலம் சின்னவதான் முதல்ல பாத்தா. "அக்கா! நீங்க சொன்னது சரி! செவலையும் மாறியிருக்கு!" எங்க வீட்டுக்காரர் வந்து பாத்து, "அடேங்கப்பா"ன்னார். சின்னவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "மன்னிச்சுக்கோங்கக்கா, நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேன்"னா. மன்னிப்பு கேட்டா, என்கிட்ட. நானும் பெரிய மனசு பண்ணி, "பரவாயில்ல விடு"ன்னேன்.

காலையில பருவம் தெரிஞ்சா சாயங்காலம் ஊசி போடுறதுதான் வழக்கம். தம்பி வந்தார். புள்ளிக்காரிக்கு முதல்ல போட்டார், ஒரு சிக்கலும் இல்ல. அப்புறம் செவலை. தோள் வரைக்கும் வர்ற பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கிட்டு கையை உள்ளே விட்டார். விரலால தடவித் தடவிப் பாத்தார்.

"அக்கா, ஒழுக்கே இல்லையே. கருப்பை வாய் இறுக்கமா மூடியிருக்கு, பசை மாதிரி ஒட்டுது. போன ஊசி பிடிச்சிருக்குமோன்னு ஒரு சந்தேகம். பத்து நாள் பொறுத்தா கைக்கே தெளிவா தெரிஞ்சிடும். விட்டுப் பாப்போமா?"

அந்த இடத்துல நான் "சரி தம்பி"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கதை முடிஞ்சுது. சினையா இருக்கிற மாட்டுக்கு மறுபடி குழலை உள்ளே செலுத்தினா கர்ப்பம் கலையும்னு எனக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்லிக் குடுத்தவ நான். ஆனா எங்க வீட்டுக்காரர் அங்க நின்னார், சின்னவ கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஊசி போடலைன்னா, அப்ப நான் பாத்தது என்ன?

"பதினோரு வருஷத்துல ஒரு தடவையாவது தப்பா சொல்லியிருக்கேனா தம்பி? நான் பாத்தேன். ஸ்டிக்கரும் சொல்லுது. இன்னும் என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?"

காலையில சரியா ஒட்டலைன்னு திட்டின ஸ்டிக்கரை சாயங்காலம் சாட்சிக்குக் கூப்பிடுறேன். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க.

அவர் சிரிச்சார். "உங்க கண்ணுமேல சந்தேகப்பட்டா எனக்கு இந்தத் தெருவுல பொழப்பு ஏது"ன்னார். போட்டார். ரெண்டு ஸ்டிக்கரையும் பிய்ச்சு, தன் நோட்டுல மாட்டு நம்பருக்கு நேரா ஒட்டி, தேதி போட்டுக்கிட்டார். சங்கத்துல கேட்டா காட்ட ஒரு அத்தாட்சின்னு ஸ்டிக்கர் வந்ததுலயிருந்து அவருக்கு அப்படி ஒரு பழக்கம்.

ஒன்பதாம் நாள் காலையில சாணி அள்ளப் போன சின்னவ கத்தினா. ஓடினேன். செவலைக்குப் பின்னாடி வடிகால்ல ஒரு சவ்வு, அதுக்குள்ள எலிக்குஞ்சு அளவுல ஒண்ணு. நாலு கால் இருந்துச்சு. குளம்பு வர வேண்டிய இடம்கூட முனை முனையா இருந்துச்சு. கிட்டத்துல இருந்ததால எனக்கு எல்லாமே நல்லா தெரிஞ்சுது. சின்னவ ஈரத்துலயே உக்காந்துட்டா. "பிடிச்சிருந்திருக்குக்கா, பிடிச்சிருந்திருக்கு"ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா. நான் அவ முதுகைத் தடவிக் குடுத்தேன். எந்தக் கையால சாவியைப் பிடிச்சேனோ அதே கையால.

எங்க வீட்டுக்காரர் ருத்ரதாண்டவம் ஆடினார். "சினை மாட்டுக்கு ஊசி போட்டிருக்கானே! கையை உள்ளே விட்டவனுக்குத் தெரிய வேண்டாம்? இத்தனை வருஷம் என்ன பொழப்பு பாத்தான்?" நேரா சங்கத்துக்குப் போய் எழுதிக் குடுத்துட்டார். விஷயம் தெருவுக்குத் தெரிஞ்சதும் ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க. எங்க மாட்டுக்கும் நிக்கல, அவன் கை ராசி சரியில்ல, குடிச்சுட்டு வர்றானோ என்னமோ. அந்த மனுஷன் டீக்குக்கூட சக்கரை குறைச்சலா கேக்கிறவர். நாலே நாள்ல அவரை யாரும் கூப்பிடல. சனிக்கிழமை சங்கத்துல விசாரணை, நிரூபணமானா கேனையும் பெட்டியையும் திருப்பி வாங்கிக்கிட்டு அனுப்பிடுவாங்கன்னு பேச்சு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்க. பாவம் எங்க வீட்டுல மூணு வேளையும் சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு.

நான் ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. தினமும் சொல்லத்தான் போனேன். வாய் ஜாஸ்தின்னு சொன்னேன்ல, இதுக்கு மட்டும் அது திறக்கல. நாளைக்குச் சொல்லலாம், அவரை ஒண்ணும் செய்ய மாட்டாங்க, கண்டிச்சு விட்டுடுவாங்கன்னு எனக்கு நானே கதை சொல்லிக்கிட்டேன். வியாழக்கிழமை அவரே வந்தார். வாசல் கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்திட்டு, ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டு நின்னார். "அக்கா இருக்காங்களா?"ன்னு கேட்டது எனக்குக் கேட்டுச்சு. நான் சமையலறையில இருந்தேன். சின்னவ உள்ளே வந்தா.

"குளிக்கிறேன்னு சொல்லிடு"ன்னேன்.

அவ என் காய்ஞ்ச தலையைப் பாத்தா. போய்ச் சொன்னா. அவர், "சரிங்க, சனிக்கிழமை அக்காவை மட்டும் வரச் சொல்லுங்க, அவங்க பாத்ததைப் பாத்தேன்னு சொன்னா எனக்குப் போதும்"னு சொல்லிட்டுப் போனாராம்.

சனிக்கிழமை போனோம். சங்கத்துல பால் ஊத்துற அறைதான், கழுவி விட்ட சிமெண்டுத் தரை, ஓரமா கவுத்து வச்ச கேனுங்க, புளிச்ச பால் வாடை. பிளாஸ்டிக் நாற்காலியில ஒரு முப்பது பேர். தலைவர் மேஜைக்குப் பின்னாடி. தம்பி சுவர் ஓரமா நின்னார், அவருக்கு நாற்காலி போடல. நான் ரெண்டாவது வரிசையில உக்காந்தேன், ஒரு பக்கம் சின்னவ, ஒரு பக்கம் எங்க வீட்டுக்காரர்.

தலைவர் கேட்டார். தம்பி பயப்படாமத்தான் பதில் சொன்னார். "ஐயா, எனக்குக் கையில கொஞ்சம் சந்தேகம் இருந்தது நிஜம். ஆனா பருவம் வந்ததுக்கு ரெண்டு சாட்சி இருந்துச்சு. ஒண்ணு அக்கா. இன்னொண்ணு ஸ்டிக்கர். சினை மாடுகூட நூத்துல ரெண்டு மூணு பருவம் காட்டும், அப்படி நடந்திருக்கலாம். இதோ பாருங்க, கலர் மாறியிருக்கு." நோட்டைத் திறந்து ரெண்டு கையாலயும் மேஜை மேல வச்சார். எவ்வளவு நம்பிக்கையா வச்சார்!

தலைவர் நோட்டை விளக்குக்குக் கிட்டக் கொண்டு போனார். அவரும் முப்பது வருஷம் மாடு வச்சிருந்தவர். புள்ளிக்காரியோட ஸ்டிக்கரைப் பாத்தார், செவலையோடதைப் பாத்தார். மறுபடி முதல்ல இருந்து பாத்தார்.

"இது மாடு ஏறினது"ன்னு முதல் ஸ்டிக்கரைத் தட்டினார். "மண்ணு, முடி, சாணி எல்லாம் அப்பியிருக்கு, வெள்ளி திட்டுத்திட்டா போயிருக்கு. இதுல ஒரு முடி இல்லையே. மூணு கோடு, அளவு எடுத்த மாதிரி. ஆணியோ சாவியோ வச்சுச் சுரண்டியிருக்கு." நிமிந்தார். "ஏம்பா, ஒரு ஊசி கூடுதலா கணக்குக் காட்டலாம்னு நீயே சுரண்டினியா?"

தம்பிக்கு முதல்ல புரியவே இல்ல. குனிஞ்சு பாத்தார். "இல்லங்கய்யா. நான் வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு"ன்னார். யாரோ பின்னாடி, "திருட்டுப் பய, அத்தாட்சியைத் தானே ஒட்டி வச்சிருக்கான் பாரு"ன்னாங்க. சிரிப்பு. எங்க வீட்டுக்காரர் எழுந்து, "அப்பவே நினைச்சேன்யா! எங்க வீட்டு மாட்டுலயா உன் வேலையைக் காட்டுவே?"ன்னு கத்தினார்.

பக்கத்துல சின்னவ அசையல. அவ தலையை மட்டும் மெதுவா திருப்பி என் இடுப்பைப் பாத்தா. சாவி அங்கதான் இருந்துச்சு. பாத்துட்டு, மறுபடி நேரா பாத்துக்கிட்டு உக்காந்துட்டா. 

தம்பி கூட்டத்துல என்னைத் தேடினார். "அக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க பாத்தீங்கல்ல?"

நான் உடனே எழுந்துட்டேன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். எழல. வாசல்ல பைக் நின்னுச்சு. தலைவர் சொல்ல, ரெண்டு பேர் போய்க் கேனை அவிழ்க்க ஆரம்பிச்சாங்க. அந்தக் கயிறு முடிச்சு இறுகியிருந்துச்சு போல, வரல. தம்பியே போய் அவிழ்த்துக் குடுத்தார். தூக்கிட்டு வந்து மேஜைக்குப் பக்கத்துல வச்சார். நீளக் குழல் இருக்கிற பெட்டியை வச்சார். மடிச்சு வச்சிருந்த பிளாஸ்டிக் கையுறைகளை வச்சார். அவ்வளவு நேரமும் நான் உக்காந்திருந்தேன். கடைசியா அவர் சட்டைப் பையிலிருந்து சங்கத்து அடையாள அட்டையை எடுத்து, அதைத் துடைச்சு வச்சார். துடைச்சு வச்சார்ங்க.

"நான்தான்"னேன்.

உக்காந்தபடியே சொன்னது யாருக்கும் கேக்கல. எழுந்து நின்னு மறுபடி சொன்னேன். "நான்தான் சுரண்டினேன். கொட்டகைச் சாவியால. மத்தியானம், யாரும் இல்லாதப்ப. அவர் வேண்டாம்னுதான் சொன்னார், பத்து நாள் பொறுக்கலாம்னார். நான்தான் போடச் சொன்னேன்."

எங்க வீட்டுக்காரர் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தார். நீட்டின கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம வச்சுக்கிட்டு இருந்தார்.

தலைவர் கண்ணாடியைக் கழட்டிட்டு, "ஏம்மா? உங்க வீட்டு மாட்டுக்கு நீயே ஏன் இப்படிப் பண்ணுவே?"ன்னு கேட்டார். கோவமா கேக்கல. நிஜமாவே புரியாமத்தான் கேட்டார்.

அந்த அறையில பாதிப் பேரோட மாட்டை நான் பாத்துச் சொல்லியிருக்கேன். அவங்க எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு ஒரு முகம்கூடத் தெரியல, எல்லாம் கலங்கலா இருந்துச்சு.

"எனக்குக் கண்ணு தெரியலைங்க"ன்னேன். "ரெண்டு வருஷமா."

யாரும் சிரிக்கல. சிரிச்சிருக்கலாம்.

தம்பியோட பொருளைத் திருப்பிக் குடுத்தாங்க. "கை சொல்றதைக் கேக்காம வாய் சொல்றதைக் கேட்டது உன் தப்பு, இனிமே பாத்து நடந்துக்கோ"ன்னு அவரையும் கண்டிச்சாங்க. என்னால அவருக்கு அதுவும். எங்க வீட்டுக்காரர் என்னைப் பாக்காம முன்னாடி போயிட்டார். நானும் சின்னவளும் நடந்து வந்தோம். பாதி வழியில அவ, "சொல்லியிருந்தா ஒரு நாள் கடைக்குக் கூட்டிட்டுப் போய்க் கண்ணாடி போட்டிருப்பேனே அக்கா"ன்னா. செவலையைப் பத்திப் பேசவே இல்ல. திட்டியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தி அழுதிருப்பேன். அதுக்கும் வழி வைக்கல அவ.

கண்ணாடி போட்டாச்சு. கடையில அவதான் என் கையைப் பிடிச்சு உக்கார வச்சா. கண்ணாடியோட முதல் நாள் வேலியில நின்னப்ப திடலோட அந்தக் கோடியில இருக்கிற மாட்டோட காது மடல்கூட தெரிஞ்சுது. இவ்வளவுதான், ரெண்டு வில்லை கண்ணாடி.

அப்புறம் ஆறு வாரம் கழிச்சு செவலை நிஜமாவே பருவத்துக்கு வந்துச்சு. நான் பாத்தேன். மேல கருப்பி, கீழ செவலை, நகராம, தாங்கிக்கிட்டு. ஒழுக்கு தொங்குறது இங்கிருந்தே தெரிஞ்சுது. நான் வாயைத் திறக்கல, யாரும் கேக்கவும் இல்ல. ஸ்டிக்கர் மாறியிருக்கிறதைப் பாத்து சின்னவ போன் போட்டா.

சாயங்காலம் அவர் வந்தார். எப்பவும் போல நான் செவலையோட கயித்தைப் பிடிச்சுக்கிட்டு தலைமாட்டுல நின்னேன். அவர் ஸ்டிக்கரைக் குனிஞ்சு பாத்தார், விரலால தொட்டுப் பாத்தார், முடி இருக்கான்னு. அப்புறம் கையை விட்டு ரொம்ப நேரம் பாத்தார். முன்னெல்லாம் இவ்வளவு நேரம் எடுக்க மாட்டார். பேச்சும் சிரிப்புமா ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டுப் போவார். இப்ப சின்னவகிட்ட மட்டும் தேதி கேட்டார்.

குழலை எடுக்கத் திரும்பினவர் என்னைப் பாத்தார். கண்ணாடி வழியா அவர் முகம் தெளிவா தெரிஞ்சுது. நரைச்ச ஒரு மீசை முடிகூட தெரிஞ்சுது. கோவம் இருக்கும்னு தேடினேன். இல்ல. முன்னப்பின்ன தெரியாத வீட்டுல நிக்கிற மாதிரி மரியாதையா இருந்துச்சு அந்த முகம்.

"கயித்தை அவங்ககிட்ட குடுத்துட்டு, கொஞ்சம் தள்ளி நின்னுக்கோங்கம்மா"ன்னார்.

பதினோரு வருஷமா அக்கா. இப்ப வீட்டுக்கார அம்மா. சரி தம்பின்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். தம்பிங்கிறது வரல. "சரிங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு, கயித்தைச் சின்னவகிட்ட குடுத்துட்டுத் தள்ளி நின்னேன்.